பின்சீட்டுக் குளிர்

"சனிக்கிழமை வண்டியை எங்க வீட்டுப் பக்கம் திருப்பாதே. நான் வரல" என்றாள் டெய்லரம்மா.

வியாழக்கிழமை சாயங்காலம். அவள் வீட்டு வாசலில் வேனின் பக்கக் கதவைத் திறந்து, படியை இறக்கிவிட்டு, கையை நீட்டியபடி நின்றிருந்தான் சைலன்ஸர். டிரைவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. வாரத்தில் மூன்று நாள், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போய் டயாலிசிஸ் மையத்தில் இறக்கி, ரத்தம் சுத்தமாகி வரும்வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் வேலை.

"ஏம்மா?"

"ஏனா? மெஷின்ல இருந்து எழுந்து வர்றப்பவே உடம்பு வெடவெடன்னு ஆடுது. உன் வண்டியில ஏறினா தலைக்கு மேல இருந்து ஐஸ் காத்து. ராத்திரி பூரா பல்லு தந்தி அடிக்குது. விறைச்சுத்தான் சாகணும்னா அதுக்கு ஊசி எதுக்கு, வண்டி எதுக்கு? வீட்டுலயே ஜன்னலைத் திறந்து போட்டுட்டுப் படுத்துக்கறேன்."

"போர்வை..."

"உன் போர்வையைத் தூக்கிக் குப்பையில போடு. அதைப் போர்த்திக்கிட்டு வந்தா, எதிர்ல வர்றவன் பொண வண்டின்னு ஒதுங்கி வழி விடறான்."

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஆயுசு முழுக்கப் பேசிப் பழகியவள். பேச்சும் அப்படித்தான் குத்தும். அவன் கையைப் பிடிக்காமல், கதவுக் கம்பியைப் பிடித்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். வாசலில் நின்ற மகள், ஏதாவது சொல்லேன் என்பதுபோல அவனைப் பார்த்தாள். அவன் படியை மடக்கிக் கதவைச் சாத்தினான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். இந்த வேலையில் அது எல்லாருக்கும் தெரியும். முன்பு ஏறிக்கொண்டிருந்து, பிறகு ஏறாமல் போனவர்களின் இருக்கைகளில்தான் இப்போது வருகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மா உட்காரும் பின்சீட்டும் அப்படிக் காலியான ஒன்றுதான்.

வண்டியின் கதை இது. முன்னால் ஒரு ஹீட்டர், பின்னால் ஒரு ஹீட்டர். கோடையில் அதே துவாரங்கள் வழியாக ஏ.சி. வரும். குளிர் தொடங்கிய சமயத்தில் இன்ஜினின் சுடுதண்ணீரைப் பின்பக்க ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் ஒன்று வெடித்தது; கம்பெனிக்காரர்கள் தங்கள் வொர்க்‌ஷாப்பில் புதுக் குழாய் போட்டார்கள். அன்று தொட்டு முன்னால் டிரைவருக்கு வேர்க்கும், பின்னால் நோயாளிக்கு விறைக்கும். பின்பக்க மின்விசிறியை அணைத்தால் இன்னும் மோசம். கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, தகர டப்பாவுக்குள் அடைத்த மாதிரி ஆகிவிடும். முன்சீட்டில் உட்கார வைக்கலாம் என்றால், அந்த உயரத்துக்கு டெய்லரம்மாவின் கால் எழும்பாது.

பார்க்காமல் யாரும் விடவில்லை. பின்னால் வருவது சில்லென்ற காற்று என்பதால், ஏ.சி. அணையாமல் ஓடுகிறது என்று ஒருவர் அதன் கேஸை வெளியேற்றிப் புதிதாக நிரப்பினார். சூட்டையும் குளிரையும் மாற்றிவிடும் உள்கதவு மாட்டிக்கொண்டது என்று இன்னொருவர் அதன் மோட்டாரை மாற்றினார். மூன்றாமவர் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். எல்லாரும் நல்ல வேலைக்காரர்கள். முன்பக்கச் சூடு இன்னும் கூடியது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஓட்டம் இல்லை. கம்பெனியில் யாரிடமும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு அண்ணனின் வொர்க்‌ஷாப்புக்குப் போனான்.

அண்ணனின் வொர்க்‌ஷாப் என்று ஊர் சொல்லும். போர்டிலும் அவர் பெயர்தான். வேலை பார்ப்பது அண்ணி. அண்ணன் போன் எடுப்பார், பார்ட்ஸ் வாங்கி வருவார், வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். உடைந்த காரிலிருந்து கழற்றிய ஒரு பின்சீட்டுதான் அங்கே சோபா. அதில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் தம்பியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அடடே! சைலன்ஸர் சத்தம் போட்டுக்கிட்டு வருதே! என்னடா அதிசயம்? கல்யாணமா?"

"வண்டி."

"வண்டியைக் கல்யாணம் பண்றியா? பண்ணு, பண்ணு. அதுதான் உன்கிட்ட பதில் எதிர்பார்க்காது."

அண்ணி ஒரு காரின் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தாள். "வாங்க கொழுந்தனாரே. ரெண்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவனாகச் சேர்ந்தாற்போல் இத்தனை வாக்கியம் பேசி அண்ணன் பார்த்ததில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எந்தெந்த பாகம் மாறியது என்பதை அண்ணி காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. டெய்லரம்மா சனிக்கிழமை வரமாட்டாள் என்ற இடத்தில் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பானட்டைத் திறக்கவா?" என்றான்.

"மூடி வை. யாருக்குக் குளிருது? உனக்கா?"

"பின்சீட்டு அம்மாவுக்கு."

"அப்ப பின்சீட்டைக் காட்டு."

இது அண்ணனுக்குத் தெரிந்த கூத்து. "ஆரம்பிச்சுட்டாடா. போன மாசம் ஒரு டாக்ஸிக்காரன் டிக்கியில கீச்சு கீச்சுன்னு சத்தம் வருதுன்னான். இவ டிக்கிக்குள்ள படுத்துக்கிட்டு ஊரைச் சுத்தி வரச் சொன்னா. நடுவுல போலீஸ் நிறுத்தி டிக்கியைத் திற அப்படின்னான். திறந்தா உள்ள இருந்து 'சாத்துங்க சார், இப்பதான் சத்தம் வருது'ன்னு ஒரு பொம்பளை. அவன் தொப்பி கழண்டு விழுந்துடுச்சு."

"சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சேனா இல்லையா?" என்றாள் அண்ணி.

"கண்டுபிடிச்சே. ஸ்டேஷன்ல இருந்து உன்னைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

அவள் ஸ்வெட்டரைக் கழற்றி அண்ணன் தோளில் போட்டாள். பருத்தி வேலைக் கோட்டு ஒன்றோடு, டெய்லரம்மாவின் இடத்தில், கடைசி வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். "அந்த அம்மா வர்ற வழியிலயே போ. வேகம், நிறுத்தறது, திரும்பறது, எதையும் மாத்தாதே. நான் இல்லைன்னு நினைச்சுக்கோ."

அவன் ஓட்டினான். அரைமணி நேரம் அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான். துவாரத்துக்கு நேராக முகத்தைக் கொடுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் செருகி, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். போர்வை பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை. மூன்று வொர்க்‌ஷாப்பிலும் துவாரத்தில் உள்ளங்கையை ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். உடம்பைக் கொண்டுவந்து வைத்த ஆள் இவள்தான் என்று அவனுக்குத் தோன்றியது.

"நிறுத்து."

ஓரமாக நிறுத்தினான். அவள் இறங்கி வந்து பானட்டைத் திறந்து, ஏ.சி. கம்ப்ரஸருக்குப் போகும் வயரை மட்டும் பிடுங்கினாள். மூடினாள். திரும்பப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். "ம், போ."

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. பல் அடித்துக்கொண்டதில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. "ஏ.சி. செத்துப்போச்சு. ஆனாலும் அதே குளிர். அப்ப யாரும் இங்க குளிரை அனுப்பல. வெளியில இருக்கற காத்து அப்படியே உள்ள வருது. சூடு பண்ண ஆள் இல்ல. அவ்வளவுதான்."

அவன் மனதுக்குள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று இத்தனை நாளும் ஆளாளுக்குத் தடியோடு தேடிக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆள் ஒருவர் வந்து சேரவில்லை என்பதுதான் விஷயம். அதைக் கண்டுபிடிக்க இவளுக்கு ஒரு வயரைப் பிடுங்கினால் போதுமாக இருந்தது.

ரவுண்டானாவில் வண்டி வளைந்தபோது பின்பக்கச் சுவருக்குள் கொடகொடவென்று ஒரு சத்தம் கேட்டு அடங்கியது. முன்னால் இருந்தால் அது காதில் விழாது. அண்ணி விறைத்த கழுத்தைத் திருப்பிச் சுவரில் காதை வைத்தாள்.

"இந்தச் சத்தத்தைப் பத்தி அந்த அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லுவாங்க. யாரோ வாய் கொப்புளிக்கற மாதிரி இருக்குன்னு."

"நீ யார்கிட்டயாவது சொன்னியா? பார்த்த மெக்கானிக் யார்கிட்டயாவது?"

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"நல்ல பேருதான் வச்சிருக்காங்க உனக்கு" என்றாள் அண்ணி.

டயாலிசிஸ் மையம் ஒரு சரிவில் இருந்தது. பக்கக் கதவு வாசலுக்கு நேராக வர வேண்டும் என்பதற்காக அவன் எப்போதும் மேலிருந்து இறங்கி வந்து, மூக்கு கீழே பார்க்க நிறுத்துவான். நோயாளிகள் நடக்க வேண்டிய தூரம் அதனால் குறையும். இன்றும் அப்படியே நிறுத்தினான். எப்போதும் போல இன்ஜினை அணைத்தான், ஆறவிட்டான், இறங்கினான், பானட்டைத் தூக்கினான், துணியை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு மெதுவாகத் திருகித் திறந்தான். இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்ட் பாட்டிலைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, அதிலிருந்து ஒரு வாய் ஊற்றினான். விளிம்புவரை வந்து தளும்பியது. மூடினான். எதையும் மாற்றாதே என்று அவள் சொல்லியிருந்ததால் மட்டுமல்ல. கை தானாகவே அதைச் செய்தது.

நிமிர்ந்தபோது அண்ணி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இது என்ன?"

"தண்ணி பார்த்தேன்."

"தினமும் பார்ப்பியா?"

"குழாய் வெடிச்சதுல இருந்து. திரும்ப வெடிச்சு நடுரோட்டுல நின்னுட்டா... இவங்களை வச்சுக்கிட்டு..."

"இங்கயேதான் பார்ப்பியா? இந்தச் சரிவுல, இப்படித்தான் நிறுத்தி?"

"ஆமா."

அண்ணி வண்டியை ஒருமுறை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. நெடுநேரம் தேடிய சாவி தன் இடுப்பிலேயே இருந்தால் சிரிப்பார்களே, அப்படி.

"வா, இங்க நில்லு. பார். மூக்கு கீழ இருக்கு. பின்னாடி மேல இருக்கு. காத்து எங்க போகும்?"

"மேல."

"மேல என்ன இருக்கு?"

அவன் பின்பக்க ஹீட்டர் இருக்கும் சுவரைப் பார்த்தான்.

"புதுக் குழாய் போட்டப்ப உள்ள காத்து புகுந்துடுச்சு. முன்னாடி வழியா ஊத்தி முன்பக்கத்தை நிரப்பிட்டாங்க, பின்னாடி குழாய்ல இருந்த காத்து வெளிய வரவே இல்ல. சுடுதண்ணி அது வரைக்கும் வந்து முட்டி, திரும்பிடுது. சரி, அது அவங்க வேலை. நீ என்ன பண்றே? இந்த வாய் எங்க இருக்கோ அதுதான் இப்ப வண்டியிலயே பள்ளமான இடம். பள்ளத்துல நின்னு எட்டிப் பார்த்தா எப்பவும் நிறைஞ்சுதான் தெரியும். நிறைஞ்சிருக்குன்னு நீ மூடிடறே. காத்து மேல போய், கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு. அது தானா கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வந்தாலும் வந்திருக்கும். நீ தினமும் திறந்து திறந்து அழுத்தத்தை இறக்கி, மறுபடி அங்கயே ஏத்தி உட்கார வச்சிருக்கே."

அவன் பாட்டிலைப் பிடித்தபடி நின்றான். வேறு எந்த டிரைவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தில் தூங்குவார்கள். நோயாளி நடக்கக் கூடாது என்று சரிவில் நிறுத்தியதும், நடுவழியில் நிற்கக் கூடாது என்று தினமும் திறந்து பார்த்ததும் இவன் ஒருவன்தான். அவ்வளவு அக்கறையும் டெய்லரம்மாவின் தலைக்கு மேல் போய்க் காற்றாக உட்கார்ந்திருந்தது.

"என்ன, அழப் போறியா?" என்றாள் அண்ணி. "அப்படின்னா வீட்டுக்குப் போய் அழு. இப்ப வண்டியைத் திருப்பு."

திருப்பினான். இப்போது மூக்கு மேலே. மையத்தின் வாட்ச்மேன் ஓடி வந்தார். "என்னங்க இது, ஆஸ்பத்திரி வாசல்ல கடையைப் போடறீங்க?"

"உள்ள இருக்கறவங்களுக்கு ரத்தத்துல இருந்து தண்ணியை எடுக்கறாங்க இல்ல? நான் தண்ணியில இருந்து காத்தை எடுக்கறேன். கொஞ்ச நேரம்தான்" என்றாள் அண்ணி. வாட்ச்மேன் அதை யோசித்துக்கொண்டே ஓரமாக நின்றுவிட்டார்.

ரேடியேட்டர் வாயில் ஒரு புனலைச் செருகி, சுற்றிலும் துணியைத் திணித்து இறுக்கினாள். புனல் பாதி நிறையக் கூலண்ட் ஊற்றச் சொன்னாள். இரண்டு ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டாள். ரோட்டில் ஓர் அட்டையை விரித்து, மல்லாக்கப் படுத்து, வண்டிக்கடியில் பின்சக்கரம் வரை நெளிந்து போனாள். வலது முழங்கையில் கோட்டு கிழிந்து தொங்கியது. கிழிசல் வழியாகத் தெரிந்த தோல் தார்ரோட்டில் உரசிக்கொண்டே போனது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"ஆக்ஸிலேட்டரை லேசா மிதி. பிடி. விடு. மறுபடி."

அவன் டிரைவர் சீட்டில் ஏறி மிதித்தான்; அடியில் அவள் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டாள். பால் கறப்பது போன்ற தாளம். வாட்ச்மேன்தான் முதலில் பார்த்தார். "ஐயோ, கொப்புளம் வருது!"

புனலில் ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இரண்டு. பிறகு கிணற்றில் குடம் முங்குகிற மாதிரி பொளபொளவென்று வந்து, புனலில் இருந்த கூலண்ட் அத்தனையும் ஒரே உறிஞ்சில் உள்ளே போய்விட்டது. "ஊத்து ஊத்து, வாயைப் பார்த்துட்டு நிக்காதே!" என்று கத்தினாள் அடியிலிருந்து. வாட்ச்மேன் கீழே இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினார். அதையும் குடித்தது. சீட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டில் இருந்தது. அதிலும் பாதி போனது. பிறகு புனலில் மட்டம் அசையாமல் நின்றது.

அவள் வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் ரோட்டுத் தூசி. பின்சீட்டில் போய் உட்கார்ந்து துவாரத்துக்கு முகத்தைக் கொடுத்தாள். அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ரத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"சூடு பண்ற ஆள் வந்துட்டான்" என்றாள்.

பிடுங்கிய வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, மூடியைத் தன் கையாலேயே இறுக்கி, அவன் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். "இனிமே இதைத் திறக்கணும்னா என்கிட்ட போன் பண்ணிக் கேட்டுட்டுத் திற. பக்கத்துல பிளாஸ்டிக் டப்பா இருக்கு, கோடு போட்டிருக்கு. சமதரையில நிறுத்தி அதைப் பார்த்தா போதும். சரிவுல எப்பவும் போல நிறுத்திக்கோ. அவங்க நடக்க வேண்டாம்."

சனிக்கிழமை காலையில் டெய்லரம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மகள்தான் கதவைத் திறந்தாள். டெய்லரம்மா உள்ளே நாற்காலியில், தலை வாராமல், நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"உனக்குத்தான் அன்னிக்கே சொன்னேனே. காது கேக்கலையா?"

"வண்டி சரியாயிடுச்சு."

"மூணு வாட்டி சரியாயிடுச்சு. ஏறி உட்கார்ந்தா அதே விறைப்பு. போப்பா. பெட்ரோலை வீணாக்காதே."

வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தான். மகள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாய் கொப்புளிக்கற சத்தம் நின்னுடுச்சு" என்றான்.

டெய்லரம்மா நிமிர்ந்தாள். "என்னது?"

"நீங்க சொன்னீங்க இல்ல. சுவருக்குள்ள. அதுதான் கோளாறே. உள்ள காத்து இருந்துச்சு. நீங்க சொன்னது சரி. நான்தான் யார்கிட்டயும் சொல்லல."

டெய்லரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை வாட்டி சொன்னேன்?" என்றாள்.

"நிறைய வாட்டி."

"சொன்னப்பல்லாம் காதுல பஞ்சு வச்சிருந்தியா?" அவள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள். மகளைப் பார்த்து, "என்னடி மசமசன்னு நிக்கறே? புடவையை எடு. அந்தச் சத்தம் நிஜமா நின்னுடுச்சான்னு பார்க்கணும். இவன் சொல்றதை எல்லாம் நம்ப முடியாது" என்றாள்.

மையத்துச் சரிவில் மூக்கு கீழே பார்க்க வண்டி நின்றது. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கை பரபரத்தது. இரண்டு தடவை இறங்கி பானட் வரை போய் வந்தான். மூன்றாம் தடவை கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துவிட்டான். வாட்ச்மேன் ஜன்னலில் தட்டி, "இன்னிக்குக் காத்து எடுக்கலையா?" என்றார். இல்லை என்று தலையாட்டினான்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டு நோயாளிகளும் நடுவரிசையில் வாயைத் திறந்து தூங்கினார்கள். அவன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியை அதிகம் பார்த்தான். டெய்லரம்மா முதலில் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடி விழப்போகிறது என்பதுபோலத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ரவுண்டானாவில் வண்டி வளைந்தபோது காதைச் சுவர்ப்பக்கம் சாய்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தைத் தாண்டியதும் சால்வையைக் கழற்றி, ஓரம் ஓரத்தோடு சேர, தையல்காரிக்கே உரிய நேர்த்தியோடு மடித்து மடியில் வைத்தாள்.

"யாரு பார்த்தது?"

"எங்க அண்ணி."

"பொம்பளையா?" கொஞ்சம் யோசித்தாள். "எப்படிக் கண்டுபிடிச்சா?"

"உங்க இடத்துல உட்கார்ந்து வந்தாங்க. ஸ்வெட்டரைக் கழட்டிட்டு. போர்வை இல்லாம."

"வழி பூராவா?"

"வழி பூரா."

வண்டி இரண்டு சிக்னல் தாண்டியது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தான்.

"வேலைக்கு என்ன போட்டுக்குவா?"

"ஒரு கோட்டு. பழசு. வலது முழங்கை கிழிஞ்சு தொங்குது."

"கிழியத்தான் செய்யும். ஒத்தைத் துணியில தைச்சிருப்பான் எவனோ. முழங்கைக்கு ரெட்டைத் துணி வைக்கணும், உள்ள கொஞ்சம் பஞ்சு கொடுக்கணும்." மடித்த சால்வையின் மேல் அவள் விரல் ஒரு சின்ன வட்டத்தை அளந்து வரைந்தது. "செவ்வாய்க்கிழமை வர்றப்ப அந்தக் கோட்டைக் கொண்டா. மறந்துட்டேன் கிறந்துட்டேன்னு நிக்காதே."

"சரி."

"அப்புறம் இந்தச் சூட்டை ஒரு புள்ளி குறை. என்னை அவிச்சு எடுக்கப் பார்க்கறியா?"

அவன் ஒரு புள்ளி குறைத்தான்.